ஆறாவது வரியில் ஒரு கையெழுத்து

போன வாரம் ஒரு மத்தியானம் நிவேதிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் எங்கள் கம்பெனியில் சேர்ந்த பெண். அப்பா அம்மா சென்னையிலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயில், கோந்த்வாவில். தமிழ் பேசுவாள்; தடுமாறும் இடத்தில் இந்தியும் மராத்தியும் வந்து கைகொடுக்கும்.

"சார், தூங்கிட்டு இருந்தீங்களா? ஒரு சோட்டா டவுட். லைன் ஓபனிங் பெர்மிட்ல ஆறாவது வரி இருக்குல்ல, அது எதுக்கு சார்? புது ஆடிட்டர் படிச்சிட்டு ஒரே சிரிப்பு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. இப்பதான் எல்லா இடத்துலயும் சென்சார் இருக்கே, அத எடுத்துடலாம்னு மீட்டிங்ல பேசினாங்க. பழைய பெர்மிட் பேப்பர் எல்லாம் ரத்திக்குப் போடப் போறோம். அதுக்கு முன்னாடி உங்களக் கேட்டுடலாம்னு..."

ரத்தி என்றால் இங்கே பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போடுவது. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எடுத்துக்கங்க. எல்லாத்தையும் எடுத்துக்கங்க. எதுக்கு என்னயக் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ரிட்டயர் ஆனப்பறமும் அந்தப் புள்ளைகளத் திட்டோணுங்களா? அவ கேட்டதுக்குப் பதிலச் சொன்னா என்னவாம்?"

நியாயமான கேள்வி. சாயங்காலம் வரை யோசித்துப் பார்த்தேன். ஆறாவது வரி எதற்கு என்று நான் யாருக்குமே ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் மறதி கிடையாது, வெட்கம். சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு, சிரித்தது அவர்கள் தப்பு கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இந்தத் தொழிலில் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏழெட்டுப் பேர் படித்தால் போதும். நிவேதிதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும். அவள் அம்மா படித்துக் காட்டட்டும்.

நம் தொழிலை வெளியாட்களுக்குச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். சிமெண்ட், சாம்பல், மைதா, சர்க்கரை, பிளாஸ்டிக் குருணை என்று தூளாகவோ குருணையாகவோ இருப்பதைக் காற்றால் தள்ளிக் குழாய் வழியாக அனுப்புகிறோம். லாரியும் கிடையாது, மூட்டை தூக்குவதும் கிடையாது. நன்றாக ஓடினால் ஒருவரும் நம்மை நினைக்க மாட்டார்கள். அடைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நம் போன் நம்பர் ஞாபகம் வரும். அடைப்பை எடுக்க வேறு வழியே இல்லை என்றால் குழாயைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய தாள்தான் அந்தப் பெர்மிட்.

முதல் ஐந்து வரிகளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கம்ப்ரசரை நிறுத்து, வால்வை மூடிப் பூட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடு, பிரஷர் கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா பார், கண்ணுக்கும் முகத்துக்கும் மூடி போட்டுக்கொள். ஆறாவது வரி இப்படி இருக்கும்: 'திறக்கப் போகும் மூட்டுக்குக் கீழேயும் சுற்றிலும் தரையைக் கூட்டச் சொல்லவும். ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருக்கவும். பிறகு தரையில் புதிதாகத் தூள் கிடந்தால் அது விழுந்ததா, பறந்து வந்ததா என்று கூட்டியவரைக் கேட்டு அவரிடம் கையெழுத்து வாங்கவும்.'

ஆடிட்டர் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை. டீ குடிக்கும் நேரம் என்று எந்தப் பெர்மிட்டில் எழுதியிருக்கிறது?

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நகர் ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் பைப் தொழிற்சாலைக்கு நாங்கள் லைன் போட்டுக் கொடுத்திருந்தோம். பிளாஸ்டிக்கோடு கலப்பதற்குக் கல் மாவு வேண்டும், நன்றாக நைஸாக அரைத்த வெள்ளைத் தூள். முற்றத்தில் இருக்கும் சைலோ என்கிற உயரமான தொட்டியிலிருந்து அந்தத் தூளைக் கலவைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்றைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, தூளைக் கட்டி கட்டியாகத் தள்ளும் முறை. ரயில் பெட்டிகள் மாதிரி ஒரு கட்டித் தூள், கொஞ்சம் காற்று, மறுபடி ஒரு கட்டித் தூள் என்று குழாய்க்குள் போகும். இந்த முறையில் நான் தனிப் பொறுப்பில் போட்ட முதல் லைன் அது. அதற்கு முன் மற்றவர்கள் வரைந்ததை ஓட வைத்துக்கொண்டிருந்தேன். இது என் கணக்கு, என் வரைபடம். பெருமை தலைக்கு ஏறியிருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

என்னோடு இருந்த ஃபிட்டர் செல்வம். என் வயதுதான். அவன் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து ஏரவாடாவில் தங்கிவிட்ட குடும்பம். அவன் பேசும் தமிழில் பாதி வேலூர், பாதி ஏரவாடா. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் அவன் கை யோசிப்பதற்கு முன்னால் வேலையை முடித்துவிடும். நான் கோவைக்காரன், எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவேன். அது அவனுக்கு வேடிக்கை. "இன்னா சாப், மாப்பிள்ளய கூப்பிட்றா மாதிரி கூப்பிட்றீங்கோ" என்பான்.

மூன்றாவது ஆள், அந்தக் கூடத்தைக் கூட்டுகிற அம்மா. மாவ்ஷி என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம். புனேயில் கூட்டிப் பெருக்க வரும் எந்தப் பெண்ணுக்கும் அதுதான் பெயர். அவரும் ஏரவாடாதான், செல்வத்தின் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. ஆறு மாதமாக அந்தக் கூடத்தில் தினமும் அவரைப் பார்க்கிறேன். காலையில் "நமஸ்கார் சாஹேப்" என்பார், நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். கூட்டுகிறவர்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று அவர்களை அனுப்பும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கண்டித்து வைத்திருந்தார். தாண்டினால் அன்றோடு வேலை போய்விடும். மெஷினைச் சுற்றித் தரையில் அடித்திருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்று, நீட்டிய துடைப்பத்தால் உள்ளே கிடக்கும் தூளை இழுத்து எடுத்துக்கொள்வார்.

அன்றைக்குக் கண்டே நவமிக்கு முந்தின நாள். நம் ஆயுத பூஜைதான், இங்கே அந்தப் பெயர். மத்தியானத்துக்குள் மெஷின்களை எல்லாம் துடைத்துவிட்டார்கள். தூண்களில் செண்டுமல்லி மாலை ஏறிவிட்டது. மாவ்ஷி கூடம் முழுவதும் இரண்டு தடவை கூட்டி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, எங்கள் லைனுக்கு எதிரே இருந்த தூணின் அடியில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே, ரங்கோலி போட ஆரம்பித்திருந்தார். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பெரிய கோலம்.

அந்த நேரம் பார்த்து லைன் அடைத்துக்கொண்டது.

தொழிற்சாலை முதலாளி அந்தப் பக்கம் வந்தார். "சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுமா?" என்று கேட்டார். "ஆகிவிடும்" என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான். மற்ற மெஷின் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நிற்கும்போது என் லைன் மட்டும் தொண்டை அடைத்து நின்றால், அதற்கு எப்படிப் பொட்டு வைப்பது? இதுதான் என் மனதில் ஓடியது.

கம்ப்ரசரை நிறுத்தினோம். வால்வைப் பூட்டினோம். காற்றை வெளியே விட்டோம், புஸ்ஸென்று போய் அடங்கியது. கேஜ் பூஜ்யம். நான் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், பூஜ்யம்தான். செல்வம் ஏணியைச் சாத்தி ஏறினான். தலைக்கு மேலே போகும் குழாயில் ஒரு மூட்டு, எட்டு போல்ட். எதிரே அவன் நெஞ்சு, முகம். பின்னால் நாலு எட்டுத் தூரத்தில் மாலை போட்ட தூண், அதன் அடியில் ரங்கோலி.

முதல் போல்ட்டைத் தளர்த்தினான். கொஞ்ச நேரத்தில் கோட்டுக்கு வெளியிலிருந்து மாவ்ஷியின் குரல் வந்தது. அவருக்கு அக்கம்பக்கத்துப் பழக்கத்தில் தமிழ் கொஞ்சம் வரும். செல்வத்தைத் திட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவார்.

"ஏய் செல்வா! உன் சட்ட அங்க உதறாதே! என் ரங்கோலி போச்சு!"

"நா எங்க மாவ்ஷி உதறினேன்? நா பாட்டுக்கு வேல செய்றேன்."

சிவப்பு நிறத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு படிந்திருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு அட்டையால் அதை வழித்து எடுத்துவிட்டு மறுபடி சிவப்பைத் தூவினார். செல்வம் இரண்டாவது போல்ட்டைத் தளர்த்தினான். அதே இடத்தில் மறுபடி வெள்ளை.

இந்தத் தடவை அவர் என்னைப் பார்த்து மராத்தியில் ஏதோ சொன்னார். ரங்கோலி என்கிற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. நான் பொறுமை இழந்துவிட்டேன். இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "இங்கே லைன் நின்னு போயிருக்கு, உங்களுக்கு ரங்கோலியா பெருசு? அப்புறம் போட்டுக்கங்க, தள்ளிப் போங்க."

தள்ளிப் போங்க என்று சொன்னேன். இந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவர் தள்ளிப் போகவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டினார். நேராக ஏணியடிக்கு வந்து ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் முதலில் ஏணியின் கீழே தரையைக் காட்டினார். பிறகு தூணடியைக் காட்டினார்.

"சாஹேப், பட்த் நாஹீ. உட்தய்."

விழவில்லை, பறக்கிறது. என் மராத்திக்கே அது புரிந்தது.

ஏணியின் கீழே பார்த்தேன். மூட்டுக்கு நேர் கீழே தரை துடைத்தது துடைத்தபடி இருந்தது. போல்ட் தளர்ந்த மூட்டிலிருந்து தூள் சும்மா கொட்டினால் அங்கேதான் கொட்டியிருக்க வேண்டும், சின்னக் குவியலாக. அங்கே ஒன்றுமே இல்லை. நாலு எட்டுத் தள்ளி, ரங்கோலியின் மேல், நீளமாக வால் வைத்து வெள்ளை விழுந்திருந்தது. நான் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூட்டின் விளிம்பிலிருந்து, செல்வத்தின் இடுப்புக்குப் பக்கமாக, தூணை நோக்கி நூல் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு சாய்வாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே நிற்கிறவனுக்குத் தெரியாத நூல். தினமும் நாலு வேளை தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

கேஜைப் பார்த்தேன். பூஜ்யம்.

கேஜ் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. அது இருந்த இடத்தில் அழுத்தம் பூஜ்யம்தான். அது இருந்தது குழாயின் தொடக்கத்தில். நடுவில் இரண்டு கட்டித் தூள் இறுகிப்போய், அவற்றுக்கு இடையே கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டால், அந்தக் காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. நாங்கள் வெளியே விட்டது கேஜ் பக்கத்துக் காற்றை மட்டும். மாட்டியிருந்த காற்று செல்வத்தின் முகத்துக்கு எதிரே இருந்தது. என் சொந்த வரைபடத்தில் எனக்கே தோன்றாத விஷயம் இது. கேஜை இரண்டு தடவை தட்டிப் பார்த்தவனுக்கு, அது எந்த இடத்தைச் சொல்கிறது என்று கேட்கத் தெரியவில்லை.

"செல்வம், எறங்குங்க" என்றேன்.

"அரே சாப், ஜீரோ காட்டுது. இன்னும் ஒரு ரெண்டு போல்ட், அப்புறம் நானே பாத்துக்கிறேன்." கையில் ஸ்பேனர் மூன்றாவது போல்ட்டில் ஏறிவிட்டது.

"எறங்குய்யா!" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவனை நான் அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தானே தவிர இறங்கவில்லை. மாவ்ஷி ஏணியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "செல்வா! எறங்கு கீழே! உங்க அம்மாகிட்ட நா என்ன சொல்றது?"

அம்மா என்றதும் இறங்கினான். சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். "ஒரு ரங்கோலிக்கு இவ்ளோ கலாட்டாவா" என்று சொல்லிக்கொண்டே ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தான். எல்லாரையும் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொன்னேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. குழாயின் மறுமுனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கழிக்கலாமா என்று சொல்லத் தொடங்கியிருப்பேன்.

வெடித்தது.

பெரிய சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. தகர டின்னை உதைத்தது போல ஒரு டப். இரண்டு போல்ட் தளர்ந்திருந்த பக்கத்தில் மூட்டுக்கு நடுவே வைத்திருந்த ரப்பர் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பின்னால் கல் மாவு சீறியது. எண்ணி நாலைந்து நொடி. பிறகு கூடம் முழுவதும் வெள்ளைப் புகை, யாருக்கும் யாரும் தெரியவில்லை. நான் "செல்வம், செல்வம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "கீறேன் சாப், கீறேன்" என்று பக்கத்திலிருந்து இருமலோடு பதில் வந்தது. அந்த இருமலைவிட இனிமையான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

தூள் அடங்கியதும் எதிரே இருந்த தூணைப் பார்த்தோம். நெஞ்சு உயரத்தில் சுற்றியிருந்த செண்டுமல்லி மாலையில் ஒரு பூ இல்லை. கட்டிய நூல் மட்டும் சுற்றியபடி இருந்தது. பூக்களைத் தரையில் தேடினோம், ஒரு முழு இதழ்கூடக் கிடைக்கவில்லை.

செல்வம் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். போய் மாவ்ஷியின் காலில் விழுந்தான். அவர் அவன் தலையில் ஒரு குட்டு வைத்து எழுப்பிவிட்டார். பிறகு தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக நின்றுகொண்டு, அழிந்துபோன ரங்கோலியைப் பார்த்து, உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ரங்கோலிக்காக அழுகிறார் என்று யாரும் நினைக்கவில்லை.

முதலாளி ஓடி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குப் பூஜைக்கு முன்னால் லைனை ஓட வைக்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் மாலையின் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எந்த மெஷினும் ஓடாதே. நவமி அன்று மெஷினுக்கு ஓய்வு. உங்கள் ஊரில் எப்படி?" என்றார்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். கோவையில் என் அப்பாவின் லேத் பட்டறையில் அன்றைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொட விட மாட்டார்கள். எனக்குத் தெரிந்ததுதான். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மறுநாள் சும்மா நிற்கப் போகிற மெஷினுக்காக ஒரு மனிதனை ஏணியில் ஏற்றியிருக்கிறேன். நெருக்கடியில் நீங்கள் நிற்கும்போது, இந்த அவசரம் யாருடையது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் நம்முடையதாகவே இருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் நல்லவனாகவே தப்பித்திருப்பேன். பிறகு எங்கள் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டி வந்தது. 'திறப்பதற்கு முன் குழாயில் மீதி அழுத்தம் இருப்பது கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். தலைமை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள்: யார் கண்டறிந்தது, எப்படி? நான் எழுதினேன்: 'பொறுப்புப் பொறியாளரின் நேரடிக் கண்காணிப்பில்.'

முழுப் பொய்யும் கிடையாது. பறந்த தூளைக் குனிந்து பார்த்தது நான்தானே? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாட்சிக் கையெழுத்துக்காகச் செல்வத்திடம் நீட்டினேன். அவன் மெதுவாக விரல் வைத்துப் படித்தான். படித்துவிட்டுப் பேனாவை மூடித் திருப்பித் தந்தான்.

"சாப், உங்க கண்ணா அது?"

கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு அவன் என்னைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்வேன். மாவ்ஷி அவனைக் காப்பாற்றினார், அவன் என்னை.

புதுத் தாளில் எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. கூட்டுகிற அம்மா என்று எழுதலாம். மாவ்ஷி என்று எழுதலாம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு மாதம் தினமும் நமஸ்காரம் சொன்னவர்.

போய்க் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "நாவ் கஷாலா, சாஹேப்?" பெயர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே துடைப்பத்தைப் பின்னால் மறைத்தார், ஏதோ திருடியதைப் போல. செல்வம்தான் எனக்கு விளக்கினான்.

"சாப், அவுங்க கோட்டத் தாண்டிட்டாங்கோ இல்ல? நீங்க பேர எழுதினா, இவுங்கதான் தாண்டினதுன்னு சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு வேல பூடும். பேரு வேணாம் சாப், வுட்ருங்க."

நன்றி சொல்லப் போனவன் அவர் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறேன். ஒரு உயிரைக் காப்பாற்றியவர் அதை மறைத்து வைக்க வேண்டியிருந்தது. அன்று இரவு சமையலறையில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே, "அவங்க அங்க நிக்கிறது தப்புன்னு இருக்கறதுனாலதானுங்க இந்தப் பயம்? அவங்க அங்க நின்னே ஆகோணும்னு நீங்க எழுதீட்டா?" என்றாள்.

பெர்மிட்டின் ஆறாவது வரி எங்கள் சமையலறையில் பிறந்தது. தரையைக் கூட்ட வேண்டும், கூட்டியவரைக் கேட்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அவர் கோட்டைத் தாண்டுவது வேலையாகிவிடும். யாரும் அவரைத் தள்ளிப் போங்க என்று சொல்ல முடியாது, நான் உட்பட. காத்திருக்கும் நேரத்தை நிமிடத்தில் எழுதுங்கள் என்று எங்கள் ஆபீசில் சொன்னார்கள். மாவ்ஷியிடம் கேட்டேன். "ஒரு டீ குடிங்க, அதுக்குள்ள தரையே சொல்லிடும்" என்று மராத்தியில் சொன்னார். அதையே எழுதினேன். முதலாளி நல்ல மனிதர். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, இந்த அம்மா இல்லாமல் இந்த லைனை இனித் திறக்கக் கூடாது என்று என் முன்னாலேயே சொன்னார். அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டை முழுதாக எழுதி அனுப்பினேன்.

அந்த வரியால் அடுத்த வருடங்களில் இரண்டு இடத்தில் ஆட்கள் ஏணியிலிருந்து இறங்கியிருக்கிறார்கள், எனக்குத் தெரிந்து. வேறு வேறு ஊர், வேறு வேறு கூட்டுகிறவர்கள். அவர்களில் யாருக்கும் மாவ்ஷியைத் தெரியாது.

மாவ்ஷி வேலையை விட்டு நாளாயிற்று. முழங்கால் வலி, வீட்டோடு இருக்கிறார். ஒவ்வொரு தசராவுக்கும் நானும் செல்வமும் ஏரவாடாவுக்குப் போவோம். இங்கே அன்றைக்கு ஆப்டா மரத்து இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். செல்வம் இலையை அவர் கையில் வைத்து, "சோன க்யா மாவ்ஷி" என்பான், தங்கம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அவர் வாங்கிக்கொண்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பாராம். பிறகு டீ போடுவார். எனக்குக் கிடைத்த நல்ல நாட்களில் அந்த நாட்களும் சேர்த்தி.

நிவேதிதா, உன்னிடம் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னித்துக்கொள். சென்சார்கள் நல்லவை. எங்கள் காலத்தில் இருந்திருந்தால் குழாய் நெடுக வைத்திருப்பேன். அந்த வரியை எடுப்பதானால் எடுங்கள், முடிவு இப்போது உங்கள் கையில். எடுப்பதற்கு முன்னால், ரத்திக்காரர் வருவதற்கு முன்னால், எனக்காக ஒரே ஒரு வேலை செய்.

பெர்மிட் அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கும். முதல் தாளை எடு. அந்தத் தொழிற்சாலையில் நவமிக்கு அடுத்த வாரம் அதே மூட்டைத் திறந்தபோது போட்டது. திறப்பவர் என்கிற இடத்தில் செல்வத்தின் கையெழுத்து. அனுமதித்தவர் என்கிற இடத்தில் என்னுடையது. ஆறாவது வரியில் மராத்தியில் ஒரு பெயர் இருக்கும். அவர் அதை எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன். எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிதானமாக எழுதினார். கடைசியில் எழுத்துகளின் தலையைச் சேர்க்கும் மேல்கோட்டை மட்டும் ஒரே இழுப்பில், கோலம் போடுகிற கையோடு இழுத்துவிட்டார். அப்படித்தான் எனக்கு அவர் பெயர் தெரிய வந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்குத் தமிழ் படிக்கத்தான் கஷ்டம், மராத்தி நன்றாகப் படிப்பாய். அந்தத் தாளை அடுத்த மீட்டிங்குக்கு எடுத்துக்கொண்டு போ. எழுந்து நின்று, ஆறாவது வரியில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படி. அதற்குப் பிறகும் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.